பொம்மைப் பட்டாளத்துக்குச் சாயம் பூசுவது வீண் வேலையா?

பத்து ரூபாய் நாணயத்தை எடுத்து மேஜைமேல் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். அதன் உயரம் 27 மில்லிமீட்டர். ஏறக்குறைய அதே உயரத்தில் ஒரு போர்வீரன் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தலையில் தொப்பி, தோளில் துப்பாக்கி, இடுப்பில் வார், சட்டையில் பொத்தான்கள், முகத்தில் மீசை. அச்சில் வார்த்த இந்தப் பொம்மை கடையிலிருந்து வரும்போது வெறும் சாம்பல் நிறம்தான். வாரம் முழுவதும் வேலை பார்த்த ஒருவர், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கடியில் உட்கார்ந்து, மெல்லிய பிரஷ் ஒன்றை வைத்துக்கொண்டு அதன் பொத்தானுக்குப் பொன் நிறமும் பூட்சுக்குக் கறுப்பும் தீட்டுகிறார்.

இப்படி முப்பது, நாற்பது வீரர்கள் சேர்ந்தால் ஒரு பட்டாளம். அதை இன்னொருவரின் பட்டாளத்தோடு மேஜைமேல் மோதவிடுவார்கள். இஞ்ச் டேப்பால் தூரம் அளந்து வீரர்களை நகர்த்துவார்கள். பகடை உருட்டி யார் விழுந்தார், யார் நின்றார் என்று தீர்மானிப்பார்கள். ஆட்டம் முடிந்த பிறகு தம் வீரர்களை ஒவ்வொருவராக நிறுத்திப் படம் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் அலுவலக ஊழியர்களும் ஆசிரியர்களும் தொழிலாளிகளும் ஈடுபடும் பொழுதுபோக்கு இது. பெங்களூர் போன்ற நம் நாட்டு நகரங்களிலும் இதில் மனம் பதித்த இளைஞர்கள் சிலர் உண்டு. "மீசை முளைத்தவனுக்குப் பொம்மை விளையாட்டா? இந்த நேரத்தில் ஓவர்டைம் பார்த்தால் நாலு காசு மிஞ்சுமே!" என்று அவர்கள் வீட்டில் கேட்காமல் இருக்கமாட்டார்கள். கேள்வி நியாயமானது. ஊரை விட்டு வந்து, வாடகை கொடுத்து, ஊருக்கும் பணம் அனுப்பிப் பிழைக்கும் நம்மவர்களுக்கு நேரமும் காசுதான். ஆனாலும் இது வீண் வேலை அல்ல என்பதே என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். எப்போது அது வீணாகிவிடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சதுரங்கத்தின் பேரப்பிள்ளை

இந்த விளையாட்டின் வேர் நம் நாட்டில் இருக்கிறது. யானை, குதிரை, தேர், காலாள் என்று நால்வகைப் படையைக் கட்டத்துக்குள் நிறுத்திய சதுரங்கம்தான் உலகம் சுற்றி ஐரோப்பாவுக்குப் போனது. 1780-ல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஹெல்விக் என்ற கணித ஆசிரியர் அந்த ஆட்டத்தைப் பெரிதாக்கினார். அவருடைய பலகையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டங்கள். மலைக்கு ஒரு நிறம், ஆற்றுக்கு ஒரு நிறம், காட்டுக்கு ஒரு நிறம்.

பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்ற தந்தையும் மகனும் கட்டங்களையே நீக்கிவிட்டார்கள். தந்தை 1812-ல் மன்னருக்கு ஒரு போர் ஆட்ட மேஜையைச் செய்து கொடுத்தார். ராணுவத்தில் லெப்டினன்டாக இருந்த மகன், உண்மையான நிலப்படத்தின் மேல் ஆடும்படி அதைத் திருத்தி, 1824-ல் படைத் தலைமைக்குக் காட்டினார். அதிகாரிகளின் பயிற்சிக்கு உகந்தது என்று பிரஷ்ய ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. 1870-71 போரில் பிரான்ஸைப் பிரஷ்யா வென்ற பிறகு மற்ற நாட்டு ராணுவங்களும் இந்த ஆட்டத்தைக் கற்கத் தொடங்கின.

ராணுவத்தின் கையிலிருந்து அதை வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ். காலத்தைக் கடக்கும் இயந்திரத்தைப் பற்றிக் கதை எழுதினாரே, அவரேதான். பொம்மை வீரர்களைத் தரையில் நிறுத்தி, சுருள்வில் வைத்த சின்னஞ்சிறு பீரங்கியால் மரக்குச்சியைச் சுட்டு வீழ்த்தும் ஆட்டத்துக்கு விதிகள் எழுதி, 1913-ல் 'சின்னப் போர்கள்' என்ற பொருளில் தலைப்பிட்டுப் புத்தகமாக வெளியிட்டார். உண்மையான போர் எவ்வளவு பெரிய மடமை என்பது இந்தச் சின்னப் போரை ஆடிப் பார்த்தாலே புரியும் என்பது அவர் வாதம். உலகம் அதைக் கேட்கவில்லை. மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது.

இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் பணிபுரிந்தவர் டொனால்ட் ஃபெதர்ஸ்டன். போருக்குப் பின் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரில் உடலியக்க சிகிச்சையாளராக வேலை பார்த்தார். 1962-ல் அவர் எழுதிய புத்தகம் இந்தப் பொழுதுபோக்கைப் பலருக்கு அறிமுகம் செய்தது. மெய்யான போரைக் கண்ணால் கண்ட மனிதர், வேலை நேரம் போக மீதி நேரத்தில் பொம்மைப் போர் ஆடினார். ஆகவே இதை விவரம் அறியாதவர்களின் விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது.

அதே பிரஷ், வேறு கூலி

இனி நான் முக்கியமாகக் கருதும் செய்திக்கு வருகிறேன். இந்தப் பொம்மைகளுக்குச் சாயம் பூசுவது ஒரு காலத்தில் யாருடைய வேலை தெரியுமா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நூரம்பர்க் பகுதியில் தட்டையான ஈய வீரர்களை வார்த்து உலகமெங்கும் விற்றார்கள். அவற்றுக்குச் சாயம் பூசியவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்தே கூலிக்கு வேலை செய்த பெண்களும் குழந்தைகளும். 1893-ல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பவரின் குடும்ப நிறுவனம் உள்ளே கூடாக வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தது. ஈயம் மிச்சம், எடை குறைவு, விலையும் மலிவு. ஜெர்மன் பொம்மைகளுக்கு அது பெரும் போட்டியாயிற்று. அங்கும் சாயம் பூசியவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். எண்ணிக்கைக்குத்தான் கூலி.

அந்த நிறுவனம் வெளியிட்ட வரிசைகளில் மதராஸ் சுதேசிக் காலாட்படை வீரர்களும் உண்டு. நம் ஊர்ச் சிப்பாயின் முகத்துக்கும் தலைப்பாகைக்கும் சாயம் தீட்டிய லண்டன் பெண், சென்னைக் கடற்கரையைக் கனவில்கூடக் கண்டிருக்கமாட்டார். ஒன்று முடிந்தால் அடுத்தது, அது முடிந்தால் அதற்கடுத்தது. ரசிக்க ஏது நேரம்?

நமக்கு இது புரியாத சங்கதி அல்ல. பீடி சுற்றும் வீடுகளை நாம் அறிவோம். இதே பெங்களூரில் ஊதுவத்தி உருட்டும் கைகளை அறிவோம். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போடும்போது, கை எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் அந்தத் திறமைக்குத் தனி மதிப்புக் கிடையாது. வேகத்துக்குத்தான் மதிப்பு.

இன்னொரு செய்தியும் உண்டு. மேல்நாட்டு ஆட்டக்காரர்கள் சிலர், பூசப் பொறுமையில்லாமல், தங்கள் படைகளை இலங்கையில் உள்ள பட்டறைகளுக்கு அனுப்பிக் கூலி கொடுத்துச் சாயம் பூசி வாங்கியிருக்கிறார்கள். கூலிக்குப் பூசியவர்களைக் குறை சொல்ல முடியாது, அது அவர்கள் பிழைப்பு. ஆனால் பொம்மை ஒன்று, பிரஷ் ஒன்று, சாயமும் ஒன்று. ஒருவருக்கு அது நாள் முழுவதும் முதுகு ஒடியும் வேலை. இன்னொருவருக்கு அதுவே நாள் முழுவதும் உழைத்த முதுகுக்கு ஓய்வு. வேறுபாடு எங்கே இருக்கிறது? நேரம் யாருடையது என்பதில்தான் இருக்கிறது. மேஸ்திரி பார்க்காத நேரம், எண்ணிக்கை கேட்காத நேரம், ஒரு பொத்தானுக்கு அரை மணி செலவிட்டாலும் யாரும் சம்பளம் பிடிக்காத நேரம். அப்படி ஒரு நேரம் உழைப்பாளிக்கு வேண்டும் என்பதே என் வாதம்.

கை கற்கும் பாடம்

பூசும் முறையைச் சற்று விளக்கினால்தான் இதில் உள்ள பொறுமை புரியும். முதலில் பொம்மையைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, அச்சில் ஒட்டாமலிருக்கத் தடவிய எண்ணெய்ப் பிசுக்கை நீக்க வேண்டும். அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் மெல்லிய வரி ஒன்று இருக்கும். அதைக் கத்தியால் சுரண்ட வேண்டும். பிறகு பொம்மையை ஒரு புட்டி மூடியின் மேல் ஒட்டிக்கொண்டால் பிடிக்க வசதி. சுவருக்குப் பூசுவது போலவே இதற்கும் பிரைமர் உண்டு. அது இல்லாவிட்டால் மேல் சாயம் உரிந்து வந்துவிடும்.

அக்ரிலிக் சாயத்தைத் தண்ணீர் விட்டு மெலிதாக்கி, ஒரு தடித்த பூச்சுக்குப் பதில் இரண்டு மெல்லிய பூச்சு கொடுக்க வேண்டும். தடித்துப் போனால் மூக்கும் மீசையும் மூழ்கிவிடும். அடுத்து, நீர்த்த கருஞ்சாயத்தைத் தடவினால் அது சட்டை மடிப்புகளில் ஓடித் தங்கி நிழல் போலத் தெரியும். பிறகு மேடான இடங்களில் வெளிர் நிறத்தால் கோடு. கடைசியில் வார்னிஷ். கோடையில் சாயம் சீக்கிரம் காய்ந்துபோகிறதா? ஈரத் துணிமேல் பட்டர் பேப்பரை விரித்து அதில் சாயத்தை வைத்துக்கொண்டால் அதிக நேரம் காயாமல் இருக்கும்.

நிழலையும் ஒளியையும் ஏன் சாயத்தால் காட்ட வேண்டும்? விரல் நீளம்கூட இல்லாத பொம்மையில் அறை விளக்கு போதுமான நிழலை விழச் செய்யாது. ஆகவே இருப்பதை விட மிகையாகத் தீட்ட வேண்டியிருக்கிறது. தெருக்கூத்தில் வேடம் கட்டுபவர் புருவத்தையும் மீசையையும் ஏன் அவ்வளவு அழுத்தி எழுதுகிறார்? கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கோபம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே? இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான்.

முழங்கைகளை மேஜையில் ஊன்றி, இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்து வைத்தால்தான் கை நடுங்காது. மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே ஒரு கோடு இழுக்க வேண்டும். அந்த நிமிடத்தில் வீட்டுக்காரர் பாக்கியும் நினைவுக்கு வராது, நாளைய ஷிப்டும் நினைவுக்கு வராது.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் கூடவே கூடாது. பழைய பொம்மைகள் ஈயம் கலந்தவை. பிரிட்டன் நிறுவனம் 1966-ல் ஈய வார்ப்பை நிறுத்தியது. மற்ற நிறுவனங்கள் பல 1990-களில்தான் ஈயமில்லாத உலோகத்துக்கு மாறின. இப்போது வருபவை பெரும்பாலும் பிளாஸ்டிக். பழைய ஈய வீரன் யாராவது கொடுத்துக் கிடைத்தால், குழந்தைகளின் கையில் கொடுக்காதீர்கள். தொட்டால் கையைக் கழுவுங்கள்.

படம் கண்ணாடியா, கடை வாசலா?

இனிப் புகைப்படம். பூசி முடித்த வீரனைக் கையில் வைத்துப் பார்த்தால் அழகாகத்தான் இருப்பான். படம் எடுத்துக் கைபேசித் திரையில் பார்த்தால் ஐந்து மடங்கு பெருத்து நிற்பான். கண் கோணல், சட்டை நிறம் கைமேல் வழிந்தது, சுரண்டாமல் விட்ட அச்சு வரி எல்லாம் அப்போது வெளிவரும். படத்துக்குத் தாட்சண்யம் கிடையாது.

நல்ல படம் எடுக்க விலை உயர்ந்த கருவி வேண்டும் என்பதில்லை. இரண்டு பக்கமும் ஒரே வகை விளக்குகள். அவற்றின் முன் பட்டர் பேப்பர் அல்லது வெள்ளைத் துணி, அப்போதுதான் வெளிச்சம் குத்தாது. ஜன்னல் வெளிச்சத்தையும் மஞ்சள் பல்பையும் கலக்கக் கூடாது, கலந்தால் நிறம் பொய் சொல்லும். பின்னால் சாம்பல் நிறத் தாளை மடிப்பு விழாமல் வளைத்து வைக்க வேண்டும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

மிக அருகில் வைத்து எடுத்தால் துப்பாக்கி முனை தெளிவாக இருக்கும், முகம் மங்கிவிடும். பக்கத்தில் போகப் போகத் தெளிவாக விழும் ஆழம் குறைந்துகொண்டே வருவதுதான் காரணம். கேமராவாக இருந்தால் அபர்ச்சரைச் சுருக்கி, ஸ்டாண்டில் வைத்து, கை படாமல் டைமரில் எடுக்க வேண்டும். கைபேசியானால் சற்றுப் பின்னே தள்ளி வைத்து ஜூம் செய்து எடுப்பது நல்லது. துப்பாக்கி முனைக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று, முதுகுப் பைக்கு ஒன்று எனப் பல படங்கள் எடுத்து, தெளிவான பகுதிகளை மட்டும் கணினியில் ஒன்றாகச் சேர்ப்பவர்களும் உண்டு.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. வேலை பாதியில் இருக்கும்போதே படம் எடுத்துப் பார்த்தால், எங்கே திருத்த வேண்டும் என்று அது சொல்லிக் கொடுக்கும். அது கண்ணாடி. முடித்த பிறகு ஊருக்குக் காட்டி, எத்தனை பேர் பாராட்டினார்கள் என்று எண்ணத் தொடங்கினால் அது கடை வாசல். நேற்று நூறு பேர், இன்று நாற்பதே பேர் என்று மனம் வாடும். அடுத்த பொம்மையை அவசரமாக முடிக்கச் சொல்லும். யாருக்காக அவசரம்? எண்ணிக்கைக்கு வேலை செய்த லண்டன் பெண்ணுக்காவது கூலி கிடைத்தது. இவருக்கு அதுவும் இல்லை. மேஸ்திரி இல்லாத நேரத்தில் தமக்குத் தாமே ஒரு மேஸ்திரியை நியமித்துக்கொள்வது என்ன புத்திசாலித்தனம்?

காட்டவே கூடாது என்று சொல்ல வரவில்லை. இங்கிலாந்தில் 1987-ல் தொடங்கிய 'கோல்டன் டீமன்' என்ற சாயம் பூசும் போட்டி இன்றும் புகழ் பெற்றது. நண்பரிடம் காட்டுங்கள், தேர்ந்தவரிடம் காட்டிக் குறை கேளுங்கள். கூட்டத்தின் கைதட்டலை மட்டும் நம்பாதீர்கள்.

பெட்டி பெட்டியாக வாங்காதீர்கள்

இன்னொரு ஆபத்து பணப்பை சம்பந்தப்பட்டது. 1975-ல் லண்டனில் மூன்று நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்ற நிறுவனம், 1983-ல் 'வார்ஹாமர்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. பிற்பாடு நாட்டிங்ஹாம் நகரில் நிலைபெற்று, 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்கள் பட்டியலிலேயே இடம் பிடித்துவிட்டது. பொம்மை வீரர்களை விற்று அந்த உயரத்துக்குப் போவது சாதாரண விஷயமா? புதுப் புதுப் படைகள், புதுப் புது விதிகள் வந்துகொண்டே இருக்கும். ஆசை விடாது. பூசாத பொம்மைகள் அலமாரியில் மலைபோல் குவிந்துவிட, அந்தக் குவியலைத் தங்கள் 'வெட்கக் குவியல்' என்று மேல்நாட்டு அன்பர்களே கேலியாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு அது கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. ஒரு வீரன் போதும். இரண்டு பிரஷ், ஐந்தாறு சாயம், ஒரு பழைய தட்டு. அவனை முடித்துவிட்டு அடுத்தவனை வாங்கலாம். வெளிநாட்டுப் பொம்மைதான் வேண்டும் என்பதும் இல்லை. கொலுவில் வைக்கும் கல்யாண ஊர்வலமும் கிரிக்கெட் ஆட்டமும் சாயம் உதிர்ந்து பரணில் கிடக்கவில்லையா? அந்தக் களிமண் பொம்மைகளைப் பத்திரமாக எடுத்துப் புதுச் சாயம் பூசினாலும் கை இதே பாடத்தைத்தான் கற்கும். பக்கத்தில் பிள்ளைகளையும் உட்கார்த்திக்கொள்ளலாம்.

"போரை விளையாட்டாக்குவது தவறில்லையா?" என்று சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். துப்பாக்கி ஓசைக்குப் பழகிவிட்ட உலகில் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு துப்பாக்கி தேவையா? ஆனால் திரையில் பொத்தானை அழுத்தி ஆயிரம் பேரை வீழ்த்தும் ஆட்டத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இங்கே ஒவ்வொரு வீரனுக்கும் முகம் வரைந்தவர் தாமே. பகடை தவறி அவனை மேஜையிலிருந்து எடுக்கும்போது, இரண்டு இரவு உட்கார்ந்து தீட்டிய முகம் என்று ஒரு கணம் கை தயங்கும். அந்தத் தயக்கம் நிஜப் போரை நடத்துகிறவர்களிடம் இருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

பெங்களூரில் ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் வாழும் நம் தோழர்களுக்கு நான் சொல்வது இதுதான். எட்டு மணி நேர வேலைக்கு உழைப்பாளிகள் போராடியபோது, மீதி நேரத்தில் தூக்கத்தை மட்டும் கேட்கவில்லை. தங்களுக்கென்று சில மணி நேரத்தையும் கேட்டார்கள். அந்த நேரத்தை ஓவர்டைமும் பஸ் நெரிசலும் கைபேசியும் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன. வாரத்தில் ஒரு மணியையாவது மீட்டுக்கொள்ளுங்கள். பொம்மைக்குச் சாயம் பூசுங்கள். பிடிக்காவிட்டால் வேறு கைவேலை செய்யுங்கள். அதில் வந்ததை விற்கவும் வேண்டாம், எண்ணவும் வேண்டாம். வீட்டில் யாராவது "இதனால் என்ன லாபம்?" என்று கேட்டால், அவர் கையிலும் ஒரு பிரஷைக் கொடுத்து உட்கார வையுங்கள்.